கொங்கிறீட் நாளில் வீட்டுக்காரர் எங்கே நிற்க வேண்டும்?

வலிகாமம் வடக்கில் விடுவிக்கப்பட்ட காணியொன்றில் வீடு கட்டிக்கொண்டிருக்கும் தாய் ஒருவர் சில மாதங்களுக்கு முன்னர் எம்மிடம் வந்தார். சுவர் எழும்பிவிட்டது. குசினிக்கு மேலே தண்ணீர்த் தாங்கி வைப்பதற்காகப் பத்து அடிக்குப் பத்து அடி பிளாற் ஒன்று போட வேண்டியிருந்தது. "பாதர், நாளைக்குக் கொங்கிறீட் போடினமாம். நான் அதிலை நிக்க வேணுமோ, இல்லாட்டிச் சமையலைப் பார்த்தாக் காணுமோ?" என்று கேட்டார். மேசனார் அவரிடம், "அக்கா, நீங்கள் ஆக்களுக்குச் சாப்பாட்டைப் பாருங்கோ, மிச்சத்தை நாங்கள் பார்க்கிறம்" என்று சொல்லியிருந்தாராம்.

மேசனார் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எமது ஊர்களில் கொங்கிறீட் போடும் நாள் ஏறக்குறைய ஒரு கொண்டாட்டம். விடியற்காலையிலேயே எட்டுப் பத்துப் பேர் வந்துவிடுவார்கள். தேநீர், மதியச் சோறு, பின்னேரத் தேநீர் எல்லாம் வீட்டுக்காரரின் பொறுப்பு. வீட்டுக்காரி அடுப்படியில் நிற்பாள், வீட்டுக்காரன் கடைக்கும் வீட்டுக்கும் ஓடுவான். மாலையில் பார்க்கும்போது மேலே ஈரமான சாம்பல் நிறத் தளம் ஒன்று இருக்கும். அதற்குள் என்ன போனது என்பது போட்டவருக்கு மட்டுமே தெரியும். எனவே, சமையலை அயலில் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு நீங்கள் கலவை போடும் இடத்திலேயே நில்லுங்கள் என்று அந்தத் தாய்க்குச் சொன்னோம். அப்படிச் சொன்னதன் காரணங்களை மற்றக் குடும்பங்களும் அறிந்திருப்பது நல்லது என்பதால் இதனை எழுதுகிறோம்.

1990 ஜூனில் வலிகாமம் வடக்கை விட்டு எழும்பிய குடும்பங்களில் பல, முப்பது ஆண்டுகளை முகாம்களிலும் உறவினர் வளவுகளிலும் வாடகை அறைகளிலும் கழித்தன. இன்னமும் ஒரு பகுதிக் காணி விடுபடவில்லை. திரும்பிய பலருக்குக் கிடைத்தது பற்றை மூடிய நிலமும் தூர்ந்த கிணறும் மட்டுமே. இதில் நாம் அதிகம் கவனிக்காத இழப்பு ஒன்று உண்டு. முன்னைய தலைமுறை தன் வீட்டைத் தானே நின்று கட்டுவித்தது. எந்த மணல் நல்லது, எந்தக் கிணற்றுத் தண்ணீர் சாந்துக்கு ஆகாது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். முகாமில் பிறந்து வளர்ந்து இன்று வீடு கட்டும் பிள்ளைகளோ தறப்பாளையும் கிடுகையும் தகரத்தையும் மட்டுமே கண்டவர்கள். ஒரு மேசனைக் கூப்பிட்டு வேலை வாங்கிய அனுபவம் அவர்களுக்கு இல்லை. ஆனால் வீட்டுத் திட்டமோ அவர்களைத்தான் முதலாளியாக நிறுத்துகிறது.

2012 ஒக்ரோபரில் தொடங்கிய இந்திய வீடமைப்புத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா கட்டம் கட்டமாகக் கொடுக்கப்பட்டது. உரிமையாளரே பொருள் வாங்கி, ஆள் பிடித்துக் கட்டுவிக்கும் முறை அது. அந்த முறையை நாம் ஆதரித்தோம், இன்றும் ஆதரிக்கிறோம். 2016இல் 65,000 உருக்கு வீடுகளைக் கொண்டுவந்து பொருத்தும் திட்டம் பேசப்பட்டபோது எமது மக்கள் கல்லும் சீமெந்துமே கேட்டார்கள். உள்ளூர் மேசனுக்கு வேலை கிடைக்கும், பழுதானால் உள்ளூரிலேயே திருத்தலாம், பிள்ளைகள் பெருகினால் ஓர் அறையைச் சேர்த்துக் கட்டலாம் என்ற நியாயம் அதில் இருந்தது. அத்திட்டமும் பின்னர் கைவிடப்பட்டது. ஆனால் நாமே கேட்டு வாங்கிய கல்வீட்டை உறுதியாகக் கட்டுவிக்கும் பொறுப்பும் அதோடு எம்மிடம் வந்தது. பணம் கொடுக்கும் நிறுவனம் அளவு பார்க்கும், படம் எடுக்கும். நாள் முழுவதும் கலவைக்குப் பக்கத்தில் நிற்காது.

முதலில் சீமெந்துப் பை. கணக்கு எளிது. ஒரு பங்கு சீமெந்து, இரண்டு பங்கு மணல், நான்கு பங்கு சல்லி என்பது நீண்டகாலமாக வழக்கத்தில் உள்ள கலவை. பத்து அடிக்குப் பத்து அடி, ஐந்து அங்குலத் தடிப்பான பிளாற்றுக்கு இந்தக் கலவையில் ஏறத்தாழ ஏழரைப் பை சீமெந்து போக வேண்டும். பொறியியலாளர் 1:1½:3 என்று எழுதித் தந்திருந்தால் ஒன்பதரைப் பை வரும். இப்போது பெரும்பாலும் அப்படித்தான் எழுதுகிறார்கள்; அவர் எழுதியதுதான் சட்டம். ஒரு பைச் சீமெந்து ஏறத்தாழ ஒன்றேகால் கன அடி. அந்த அளவுக்குப் பலகையில் ஒரு பெட்டி அடித்து, மணலையும் சல்லியையும் அதனாலேயே அளக்கச் சொல்லுங்கள். மண்வெட்டிக் கணக்கு காலையில் ஒரு மாதிரியும் பின்னேரத்தில் வேறு மாதிரியும் இருக்கும். வெறும் பைகளை எறிய விடாமல் ஓர் இடத்தில் அடுக்கி வையுங்கள். மாலையில் அவற்றை எண்ணிப் பார்ப்பதற்கு எந்தப் படிப்பும் தேவையில்லை.

மேசன்மார் களவெடுக்கிறார்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. தொண்ணூறுகளின் முற்பகுதியில் குடாநாட்டுக்குச் சீமெந்து கொண்டுவரத் தடை இருந்தது. 1950இல் உற்பத்தியைத் தொடங்கிய காங்கேசன்துறைத் தொழிற்சாலை 1990இல் யுத்தத்தோடு நின்றுபோனது. எமது நிலத்துச் சுண்ணக்கல்லிலிருந்து நாட்டுக்கே சீமெந்து கொடுத்த ஊரவர்கள், ஒரு பைக்கு ஏங்கிய காலம் அது. இருந்த கொஞ்சத்தை நீட்டிப் பாவித்தவனே கெட்டிக்கார மேசன் என்று பெயரெடுத்தான். அந்நாட்களில் தொழில் பழகியவர்களின் கையில் அந்தச் சிக்கனம் இன்னமும் நிற்கிறது என்பது எமது எண்ணம். அவர்களிடம் தொழில் பழகியவர்களுக்கும் அது ஓரளவு தொற்றியிருக்கிறது. ஆகவே, குறை கூறாமல், ஆனால் விட்டுக்கொடுக்காமலும் பேச வேண்டிய விடயம் இது.

அடுத்தது தண்ணீர். வீட்டுக்காரருக்கும் மேசனுக்கும் இடையில் தகராறு வருவதென்றால் பெரும்பாலும் இதில்தான் வரும். கலவை இறுக்கமாக இருந்தால் வாரிப் போடுவது கடினம், கை நோகும். கூடத் தண்ணீர் விட்டால் கஞ்சி போல ஓடி, தானாகவே மூலை முடுக்கெல்லாம் போய்விடும். வேலையும் வெள்ளென முடியும். ஆனால் சீமெந்தோடு சேர்ந்து இறுகுவதற்கு வேண்டிய தண்ணீர் கொஞ்சம்தான். மிஞ்சியது பின்னர் ஆவியாகிப் போகும். அது இருந்த இடங்களெல்லாம் கண்ணுக்குத் தெரியாத துவாரங்களாக நிற்கும். ஒரு பைச் சீமெந்துக்கு 25 முதல் 30 லீற்றர் வரை என்று வைத்துக்கொள்ளலாம். பத்து லீற்றர் வாளியால் மூன்றுக்கு மேல் போகக் கூடாது. மணல் நனைந்திருந்தால் அதிலும் குறைய வேண்டும். கலவையை உள்ளங்கையில் எடுத்து உருட்டினால் உருண்டையாக நிற்க வேண்டும். விரலிடுக்கால் வழிந்தால் தண்ணீர் கூடிவிட்டது.

கஞ்சிக் கலவைக்குப் பதிலாக எமக்கு வேண்டியது நன்றாகக் குத்தி இறுக்குவது. வைபிரேற்றர் வாடகைக்குக் கிடைத்தால் அந்தச் செலவுக்கு யோசிக்காதீர்கள். கிடைக்காவிட்டால் கம்பித் துண்டால் குத்துவதற்கென்றே ஓர் ஆளை நிறுத்துங்கள். குழைத்த கலவையை அரை மணித்தியாலத்துக்குள் போட்டு முடிப்பது நல்லது. சாப்பாட்டு நேரத்தில் குவிந்து கிடந்து இறுகத் தொடங்கியதற்கு மீண்டும் தண்ணீர் ஊற்றிக் குழைப்பதை அனுமதிக்க வேண்டாம். அதைத் தூக்கி முற்றத்தில் போடுங்கள்; கிணற்றடியில் கால் வைக்கவாவது உதவும். தொடங்கிய பிளாற்றை அன்றைக்கே ஒரே மூச்சில் முடிக்க வேண்டும் என்பதையும் முதல் நாளே பேசிவிடுங்கள். பாதியில் நிறுத்தி மறுநாள் தொடர்ந்தால் அந்தப் பொருத்தால்தான் மாரியில் ஒழுகும்.

கொங்கிறீட்டுக்கு முதல் நாள் பின்னேரம், வெளிச்சம் இருக்கும்போது கம்பியைப் பார்த்துக்கொள்ளுங்கள். கம்பி பலகையில் படுத்துக் கிடக்கக் கூடாது. முக்கால் அங்குலத்துக்குக் குறையாத சாந்துக் கட்டிகளை முன்கூட்டியே வார்த்து, கம்பிக்குக் கீழே வைத்து உயர்த்த வேண்டும். செத்தல் கல்லையும் ஓட்டுத் துண்டையும் கொடுத்துச் சமாளிக்க விடாதீர்கள். கம்பிக்குக் கொங்கிறீட் போர்வை போதாவிட்டால் ஈரமும் உப்பும் உள்ளே போகும், கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிடப் பருமன் கூடியது. அது உள்ளிருந்து தள்ளித் தள்ளிக் கொங்கிறீட்டைப் பொளிந்து விழுத்தும். கடற்கரையோரப் பழைய கட்டிடங்களில் கூரையின் அடிப்பக்கம் சிதம்பி, கம்பி விலா எலும்பு போலத் தெரிவதை எல்லோரும் கண்டிருப்போம். எறிகணை விழாத கட்டிடங்களிலும் அந்தக் கோலம் உண்டு.

உப்பைப் பற்றிச் சொல்லும்போது எமது குடாநாட்டின் சங்கடத்தையும் சொல்ல வேண்டும். இங்கே நிலத்துக்கடியில் இருப்பது சுண்ணக்கல். கருங்கல் சல்லி வன்னிப் பக்கமிருந்து வர வேண்டும். மணலுக்கு வடமராட்சி கிழக்கின் மணற்குன்றுகள் அல்லது பெருநிலப்பரப்பு. மணற்காட்டுப் பக்கத்து மணல் பார்வைக்குச் சீனி போல அழகானது. ஆனால் மிக நுண்ணியது, கூடத் தண்ணீர் குடிக்கும், கடலை அண்டி எடுத்ததென்றால் உப்பும் இருக்கும். பூச்சுக்கு அது சரி. கம்பி வைத்த கொங்கிறீட்டுக்குச் சற்றுப் பருமணலே வேண்டும். டிப்பர்காரர் கொட்டிவிட்டுப் போன பிறகு பேசிப் பயனில்லை. கொட்டுவதற்கு முன்னர் ஒரு பிடி அள்ளி, நிறமற்ற போத்தலில் தண்ணீரோடு போட்டுக் குலுக்கி, சிறிது நேரம் அசையாமல் வையுங்கள். மேலே படியும் சேறு மணலின் பத்தில் ஒரு பங்கை எட்டினால் அந்த மணலைத் திருப்பி அனுப்புங்கள். தண்ணீருக்கும் இதே விதிதான். வாயில் உவர்க்கும் கிணற்றுத் தண்ணீரைக் கம்பி வைத்த கொங்கிறீட்டில் சேர்க்க வேண்டாம். தீவுப்பகுதியில் இது பெரிய செலவு என்பதை அறிவோம். பவுசரில் நல்ல தண்ணீர் எடுப்பதானால் கலவைக்கும் முதல் சில நாட்களின் நனைப்புக்குமாவது எடுத்துவையுங்கள். மணல்மேல் கட்டிய வீட்டைப் பற்றிப் பிரசங்கத்தில் பேசுவது எமக்கு எளிதாக இருந்தது. மணலையே போத்தலில் போட்டுக் குலுக்கிப் பார்க்க எமக்கு ஒரு வயோதிப மேசனார்தான் கற்றுத் தந்தார்.

கொங்கிறீட் போட்ட அன்று மாலை எல்லோரும் கை கால் கழுவிப் போய்விடுவார்கள். (சீமெந்துச் சாந்து தோலை அரிக்கும்; பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள், பட்டால் உடனே நிறையத் தண்ணீரால் கழுவுங்கள்.) வேலை முடிந்துவிட்டது என்று அப்போது தோன்றும். உண்மையில் அது வீட்டுக்காரரின் கைக்கு மாறுகிறது, அவ்வளவுதான். சீமெந்து காய்ந்து இறுகுவதில்லை. தண்ணீரோடு சேர்ந்து உள்ளே நடக்கும் மாற்றத்தால்தான் அது இறுகுகிறது. தண்ணீர் வற்றினால் அந்த மாற்றமும் நின்றுபோகும். 28ஆம் நாளில் இருக்க வேண்டிய பலத்தில் மூன்றில் இரண்டு பங்கே ஏழாம் நாளில் வந்திருக்கும், அதுவும் தொடர்ந்து ஈரமாக வைத்திருந்தால். நட்ட புகையிலைக் கன்றை வெயிலுக்கு விட்டுவிட்டு ஊருக்குப் போவோமா? சோளகம் அடிக்கும் மாதங்களில் ஒரு பகல் போதும், மேற்பரப்பு காய்ந்து பாளம் பாளமாக வெடிக்க.

இந்த இடத்தில் எமது விவசாயிகளுக்கு எவரும் பாடம் சொல்லத் தேவையில்லை. பிளாற்றின் மேல் சாந்தால் சிறு வரம்பு கட்டி, வயலில் நிறுத்துவது போல இரண்டு அங்குலத் தண்ணீர் நிறுத்துங்கள். மறுநாட் காலையில் தொடங்கி ஆகக் குறைந்தது ஏழு நாட்கள். பத்து, பதினான்கு நாட்கள் என்றால் இன்னும் நல்லது. தூண்களுக்குச் சாக்கைச் சுற்றி நனைத்துக்கொண்டே இருங்கள். மயிரிழை போன்ற மேல் வெடிப்புகளைக் கண்டு பயப்பட வேண்டாம், அவை பெரும்பாலும் மேற்பரப்போடு நிற்பவை. வெடிப்பு ஆழமாகப் போனாலும், நாளுக்கு நாள் அகன்றாலும், பலகை கழற்றிய பின் அடியில் தேன்கூடு போல ஓட்டைகள் இருந்து கம்பி தெரிந்தாலும் பூசி மறைக்க விடாமல் பொறியியலாளரைக் கூப்பிடுங்கள். பூச்சு வேலை தொடங்கிய பின் அவர் வந்தாலும் எதையும் காணமாட்டார்.

பலகை கழற்றும் நாளைப் பற்றிச் சொல்வதற்கு எமக்குத் தகுதி இருக்கிறதோ தெரியாது. சில ஆண்டுகளுக்கு முன் நாம் பொறுப்பாயிருந்து கட்டிய முன்பள்ளி ஒன்றில் விறாந்தைக்குப் பிளாற் போட்டோம். திறப்பு விழாவுக்கு நாள் குறித்து, விருந்தினருக்குச் சொல்லி, பந்தலுக்கும் ஆள் பிடித்தாயிற்று. ஒன்பதாம் நாள் முட்டுகளைக் கழற்றச் சொன்னோம். மேசனார், "பாதர், இன்னும் ஒரு கிழமை விடுவம்" என்றார். நாம் கேட்கவில்லை. விழா நன்றாகத்தான் நடந்தது. அடுத்த மாதம் பார்த்தால் நடுப்பகுதி இறங்கியிருந்தது; அடியில் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு வெடிப்பு. பின்னர் நடுவில் ஒரு தூண் கொடுத்துத் தாங்க வேண்டியதாயிற்று. அந்தத் தூண் இன்னமும் விறாந்தையின் குறுக்கே நிற்கிறது. பிள்ளைகள் அதைச் சுற்றி ஓடிப்பிடித்து விளையாடுகிறார்கள். அதன் செலவில் ஓர் ஏழைக் குடும்பத்துக்கு மலசலகூடம் ஒன்று கட்டியிருக்கலாம்.

ஆகவே குடிபூரலுக்கு நாள் பார்ப்பவர்கள் கொங்கிறீட்டுக்கும் சேர்த்துப் பாருங்கள். பக்கப் பலகைகளை மறுநாளே கழற்றலாம். சிறிய பிளாற்றின் அடி முட்டுகள் பதினான்கு நாட்கள் நிற்கட்டும். நீளமான பீம் என்றால் இருபத்தொரு நாட்கள். ஆயிரம் லீற்றர்த் தாங்கி நிரம்பினால் தண்ணீர் மட்டும் ஒரு தொன். 28 நாள் ஆகாமல் அதை மேலே ஏற்ற வேண்டாம்.

இங்கே வீடமைப்பு நிறுவனங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எமது மக்கள் அவசரப்படுவதற்குத் தவணை முறையும் ஒரு காரணம். இந்தக் கட்டம் முடிந்தால்தான் அடுத்த தவணை. ஆண்டு முடிவதற்குள் முடிக்காவிட்டால் பணம் திரும்பிவிடும் என்ற பயமுறுத்தல். மேசன் இருபத்தொரு நாள் சும்மா இருக்க முடியாது, வேறு வேலைக்குப் போய்விடுவான். பிறகு அவனைப் பிடிக்க முடியாது. அதனால் குடும்பம் ஐந்தாம் நாளே முட்டைக் கழற்றி, படத்துக்குக் காட்டி, அடுத்த பணத்தை எடுக்கிறது. கடதாசியில் எல்லாம் ஒழுங்கு. கொங்கிறீட் ஈரமாக இருக்க வேண்டிய நாட்களைத் தவணைக் கால அட்டவணையில் எழுதிவைக்கும் திட்டத்தை நாம் இதுவரை காணவில்லை. மேற்பார்வைக்கு வரும் உத்தியோகத்தர் சுவரின் நீளத்தை அளப்பதற்குப் பதிலாக, அல்லது அதற்கு மேலதிகமாக, கொங்கிறீட் போடும் நாளிலேயே வர வேண்டும் என்றும் கேட்கிறோம்.

தவணை நின்றுபோனால் என்ன நடக்கும் என்பதையும் எமது மக்கள் அனுபவித்தார்கள். 2018, 2019 ஆண்டுகளில் அரச வீடமைப்புத் திட்டமொன்றில் அத்திவாரமும் அரைச் சுவருமாகத் தொடங்கிய பல குடும்பங்கள், 2019 இறுதியில் ஆட்சி மாறியபின் அடுத்த தவணை வராமல் தவித்தன. இருந்த கொட்டிலைப் பிரித்துவிட்டுத் தொடங்கியவர்களும் அவர்களுள் உண்டு. பின்னர் 2021க்கும் 2022க்கும் இடையில் சீமெந்து விலை இரண்டு மடங்குக்கும் மேலாக ஏறியது. கைவிட்ட வீடுகளின் தூண்களில் கம்பிகள் மேலே நீட்டிக்கொண்டு மழையிலும் உப்புக் காற்றிலும் நின்றன. இப்படி வேலை நின்றுபோனவர்கள், நீட்டி நிற்கும் கம்பிக்குத் தடிப்பான சீமெந்துப் பாலைப் பூசிப் பொலித்தீனால் சுற்றிக் கட்டிவையுங்கள். மீண்டும் தொடங்கும்போது உதிரும் துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து எடுக்க வேண்டும். கம்பி மெலிந்திருந்தால் பொறியியலாளர் பார்க்காமல் அதன்மேல் கட்ட வேண்டாம்.

கடனைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. 550 சதுர அடி வீட்டுக்குக் கொடுத்த பணத்தில் முன்பக்கம் போர்ட்டிக்கோவும் பிளாற் விறாந்தையும் வைக்க வெளிக்கிட்டு, நகையை அடைவு வைத்து, பிறகு நுண்கடன்காரரிடமும் போன குடும்பங்களைக் கண்டிருக்கிறோம். அடைவு மீளவில்லை, தோட்டத்தில் வெங்காயத்துக்கு விதை வாங்கவும் கையில் காசில்லை. எமது அபிப்பிராயம் இதுதான்: உதவிப் பணத்தில் கட்டும் வீட்டுக்குக் கொங்கிறீட் தேவைப்படுவது அத்திவாரத்திலும், அதற்கு மேலான பீமிலும், யன்னல் கதவுகளுக்கு மேலான லின்ரலிலும். கூரைக்கு ஓடு போதும். வெளிநாட்டிலிருந்து பணம் வரும் வீட்டைப் பார்த்து உங்கள் வீட்டுக்கு அளவெடுக்காதீர்கள். முகப்பில் போடும் பத்துப் பைச் சீமெந்தை அத்திவாரத்தில் போடுங்கள். எவரும் பார்த்து மெச்சமாட்டார்கள் என்பது உண்மைதான்.

குடும்பத் தலைமையை ஏற்றிருக்கும் பெண்கள் எம்மிடம் அடிக்கடி சொல்வது, "நாங்கள் சொன்னா மேசன்மார் கேக்கமாட்டினம்" என்பது. இது உண்மை. அதனால்தான் வேலை தொடங்குமுன்னர் ஒரு கடதாசியில் எழுதிக்கொள்ளச் சொல்கிறோம்: என்ன கலவை, எத்தனை பை, எத்தனை வாளித் தண்ணீர், எந்த நாள் பலகை கழற்றுவது, கடைசிக் கூலியில் எவ்வளவு பலகை கழற்றிய பிறகு கொடுபடும். மேசனாரும் கையெழுத்து வைக்கட்டும். நல்ல மேசன் இதற்குக் கோபிக்கமாட்டான், தன் வேலையைப் பார்க்க ஒருவர் இருக்கிறார் என்று சந்தோசப்படுவான். முதல் நாளே கோபிப்பவரை அன்றைக்கே மாற்றிக்கொள்வது மலிவு. கிராமத்தில் நான்கைந்து வீடுகள் ஒன்றாக எழும்பும் இடங்களில் பெண்கள் ஒருவர் வீட்டுக் கொங்கிறீட்டுக்கு மற்றவர் போய் நிற்கும் வழக்கத்தைத் தொடங்கினால், ஒருவர் பை எண்ணலாம், ஒருவர் வாளி எண்ணலாம், ஒருவர் சோறு காய்ச்சலாம்.

எம்மிடம் வந்த அந்தத் தாய் அப்படியே செய்தார். பக்கத்து வளவுச் சகோதரி சமைத்தார். இவர் கொப்பியும் பேனாவுமாகக் கலவை போட்ட இடத்தில் நின்றார். மூன்றாவது கலவைக்கு நாலாவது வாளியைத் தூக்கிய பெடியனிடம், "தம்பி, வை கீழை" என்றாராம். மேசனார் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "அக்கா சொல்லுறது சரி, குத்துங்கோடா" என்று சொல்லிவிட்டார். 1:1½:3 கலவைக்குக் கணக்குப்படி பத்துப் பை வாங்கிவைத்திருந்தார். அரைப் பை மிஞ்சியது. நாம் பிறகொரு நாள் அந்தப் பக்கம் போனபோது ஏணியில் நின்று குடத்தால் பிளாற்றுக்குத் தண்ணீர் வார்த்துக்கொண்டிருந்தார். வரம்பு ஒரு மூலையில் உடைந்திருந்தது, அதைக் களிமண்ணால் அடைத்திருந்தார். முட்டுக் கழற்ற இன்னும் ஐந்து நாட்கள் இருந்தன. குடிபூரலை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டதாகச் சொன்னார்.